இசட் புள்ளியை வைத்துப் பிள்ளைகளை நிறுக்காதீர்கள்

 

உயர்தரப் பெறுபேறு வந்தால் நம் ஊர்களில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெறுபேறு இணையத்தில் ஏறி ஒரு மணித்தியாலம் ஆகுமுன் வாட்ஸ்அப் குழுக்களில் பட்டியல் ஓடத் தொடங்கிவிடும். இன்னாருடைய மகளுக்கு இத்தனை, இன்னாருடைய மகனுக்கு இவ்வளவுதானாம். மறுநாள் சந்தியில் பதாகை. அதற்கு அடுத்த நாள் ஊர்க் கணக்கு: காத்தான்குடிக்கு எத்தனை, ஏறாவூருக்கு எத்தனை, ஓட்டமாவடிக்கு எத்தனை, மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் எத்தனை. கடைசியில் எப்போதும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: அவர்களுக்கு எத்தனை, நமக்கு எத்தனை.

உயர்தர வகுப்புகளில் படிப்பிக்கும் நாங்கள் இதை ஒவ்வொரு வருடமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த முறை வாயை மூடிக்கொண்டிருக்க மனம் வரவில்லை. சொல்ல வருவது நேரான விஷயம். நீங்கள் ஒப்பிடும் எண்களில் பெரும்பாலானவை ஒப்பிடக்கூடியவையே இல்லை. கலைப் பிரிவு இசட் புள்ளியையும் உயிரியல் பிரிவு இசட் புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறீர்கள். போன வருடத்து வெட்டுப்புள்ளியையும் இந்த வருடத்துப் பிள்ளையையும் வைக்கிறீர்கள். மட்டக்களப்பு மாவட்டத்தையும் அம்பாறை மாவட்டத்தையும் வைக்கிறீர்கள். இந்த ஒப்பீட்டுக்கு விலை கொடுப்பது பிள்ளைகள்.

முதலில் இசட் புள்ளி என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்வோம். பலர் அதை மார்க்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது மார்க்ஸ் இல்லை.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். பௌதிகவியல் பாடத்தில் நாடு முழுவதும் எழுதியவர்களின் சராசரி 40, நியம விலகல் 15 என்று வையுங்கள். ஒரு பிள்ளை 64 எடுக்கிறது. 64இலிருந்து சராசரி 40ஐக் கழித்தால் 24. அதை 15ஆல் பிரித்தால் 1.6. அதுதான் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி. அதே பிள்ளை இரசாயனவியலில் 70 எடுக்கிறது. அங்கே சராசரி 50, நியம விலகல் 20. கணக்குப் போட்டால் வருவது 1.0. மார்க்ஸில் 70 பெரியது, இசட் புள்ளியில் 64 பெரியது. உயிரியலிலும் 1.0 வந்தால் மூன்றையும் கூட்டி மூன்றால் பிரிக்க 1.2. இந்த 1.2தான் பெறுபேற்றுத் தாளில் நான்கு தசமதானத்தோடு வந்து நிற்கிறது. அந்த நான்கு தசமத்தைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். இவ்வளவு நுணுக்கமாக அளந்திருக்கிறார்களே, இது பிள்ளையின் மூளையின் அளவாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

அது சொல்வது ஒன்றே ஒன்று: அந்தப் பாடத்தை, அந்த வருடம் எழுதிய கூட்டத்தில், இந்தப் பிள்ளை சராசரிக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது. கூட்டம் மாறினால் எண் மாறும். பிள்ளை மாறத் தேவையில்லை. மேலே சொன்ன கணக்கிலேயே, அடுத்த வருடம் அதே தரத்திலான வினாத்தாளுக்குக் கூடுதலாகத் தயாரான கூட்டம் வந்து சராசரி 46 ஆகிவிட்டது என்று வையுங்கள். நியம விலகல் அதே 15. அதே 64 மார்க்ஸுக்கு இப்போது 1.2தான் கிடைக்கும். பிள்ளையின் அறிவில் ஒரு குண்டுமணியும் குறையவில்லை.

இதனால்தான் சொல்கிறோம், கலைப் பிரிவில் 1.8 எடுத்த மகளையும் கணிதப் பிரிவில் 1.2 எடுத்த மகனையும் ஒரே வீட்டில் வைத்து, "உன்ட ராத்தாவப் பாரு" என்று சொல்லாதீர்கள். ராத்தா நின்ற வரிசை வேறு, தம்பி நின்ற வரிசை வேறு. அவரவர் தத்தம் வரிசையில் எங்கே நின்றார் என்பதைத்தான் அந்த இரண்டு எண்களும் சொல்கின்றன. இரண்டு வரிசைகளில் எது கடினம் என்பதை அவை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. கணிதப் பிரிவுப் பிள்ளை உயர்ந்தது, கலைப் பிரிவுப் பிள்ளை தாழ்ந்தது என்று நாங்கள் சொல்லவருவதாக யாரும் எடுத்துவிட வேண்டாம். நாம் பதில் கேட்கும் கேள்விக்கு அந்த எண்ணிடம் பதில் இல்லை என்கிறோம்.

இதை வெறும் வகுப்பறைத் தர்க்கம் என்று தள்ளிவிடாதீர்கள். இந்த நாட்டின் உயர் நீதிமன்றம் வரைக்கும் போன விஷயம் இது.

நான்கு பாடங்கள் மூன்றாகக் குறைக்கப்பட்ட பிறகு, 2001இல் இசட் புள்ளி முறை பல்கலைக்கழக அனுமதிக்குள் வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்வைத்த முறை அது. கடினமான பாடத்தை எடுத்த பிள்ளை அதனால் நட்டப்படக் கூடாது என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம். பத்து வருடம் ஓடியது. 2011 ஆகஸ்டில் சிக்கல் வந்தது. அந்த வருடம் முதல் ஷை எழுதியவர்கள் புதிய பாடத்திட்டத்தில் எழுதினார்கள். மீண்டும் தோற்றியவர்கள் பழைய பாடத்திட்டத்தில் எழுதினார்கள். வினாத்தாள் வேறு, கூட்டமும் வேறு. ஆனால் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. பெறுபேறு வந்த கையோடு மாவட்ட நிலைகளிலும் குழப்பம். மாணவர்கள் அடிப்படை உரிமை மனுக்களோடு நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளை இரத்துச் செய்தது. இவை இரண்டு வேறு குழுக்கள், தனித்தனியாகக் கணியுங்கள் என்றது. அதன்பின் வழமையை விட மேலதிகமாக மாணவர்களை அந்த வருடம் உள்வாங்க வேண்டி வந்தது.

2019இலும் இதே நிலை திரும்ப வந்தது. மறுபடியும் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம். அந்த முறை இரண்டு குழுக்களுக்கும் தனித்தனி இசட் புள்ளி, தனித்தனி வெட்டுப்புள்ளி வெளியானது. ஆக, ஒரே மாவட்டத்தில், ஒரே வருடத்தில், ஒரே கற்கைநெறிக்கு இரண்டு வெட்டுப்புள்ளி. ஒரே பரீட்சை மண்டபத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் இருந்து எழுதிய இரண்டு பேரின் எண்களை ஒன்றாக வைக்க முடியாது என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே அப்படி ஏற்றுக்கொண்டது. நாமோ ஆறு வருட இடைவெளியில் எழுதிய நானாவையும் தம்பியையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் பாருங்கள். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்குப் போக எஸ்.ஏ.டி, ஏ.சி.டி என்று இரண்டு பரீட்சைகள். ஒன்று 1600க்கு, மற்றது 36க்கு. 2018இல் இரண்டையும் நடத்தும் அமைப்புகள் சேர்ந்து ஓர் ஒப்பீட்டு அட்டவணை வெளியிட்டன. அதை எதை வைத்துச் செய்தார்கள் தெரியுமா? இரண்டு பரீட்சைகளையும் எழுதிய மாணவர்களின் பெறுபேறுகளை வைத்து. ஒரே ஆள் இரண்டு தராசிலும் ஏறினால்தானே ஒரு தராசு மற்றத் தராசுக்கு எவ்வளவு என்று சொல்லலாம்? நம் நாட்டில் எந்தப் பிள்ளை ஒரே வருடத்தில் கலைப் பிரிவும் உயிரியல் பிரிவும் எழுதுகிறது? ஒப்பிடுவதற்கு நடுவில் ஒரு பாலமே இல்லை. பாலம் இல்லாத இடத்தில்தான் நாம் ஒவ்வொரு வருடமும் நடந்து போகிறோம்.

லண்டன் உயர்தரம் எழுதும் பிள்ளைகளின் கதையும் இதேதான். அங்கே கிடைக்கும் "ஏ ஸ்டார்" நம் பரீட்சைத் திணைக்களத்தின் "ஏ" இல்லை. பாடத்திட்டம் வேறு, வினாத்தாள் வேறு, எழுதும் கூட்டம் வேறு. அந்தப் பெறுபேற்றை வைத்து இங்குள்ள பிள்ளையைக் குறைத்துப் பேசுவதும் தவறு, "அது காசுக்கு வாங்கினது" என்று அந்தப் பிள்ளையைக் கேலி செய்வதும் தவறு.

இனிப் பழைய கதை ஒன்றுக்கு வருவோம். இதைத் தொடாமல் மட்டக்களப்பில் இருந்துகொண்டு புள்ளிகளைப் பற்றிப் பேச முடியாது.

1971இல் பல்கலைக்கழக அனுமதியில் மொழி பார்த்து வேறு வேறு தகைமைப் புள்ளி வைக்கப்பட்டது. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போக, 400க்கு, சிங்கள மொழி மூலம் எழுதியவருக்கு 227. தமிழ் மொழி மூலம் எழுதியவருக்கு 250. பிறகு 1973இல் அதையே கணக்காக்கினார்கள். ஒவ்வொரு மொழிக் கூட்டத்தின் புள்ளிகளையும் ஒரு பொது அளவுக்குக் கொண்டுவருவது. அதைத்தான் தரப்படுத்தல் என்று நாம் சொல்கிறோம். 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. மொழிவாரிக் கணக்கு 1977இல் ஆட்சி மாறிய பிறகு கைவிடப்பட்டது. ஆனால் அது விட்டுப்போன காயம் ஒரு தலைமுறையையே வேறு பாதைக்குத் தள்ளியது. அந்தக் காலத்தில் கல்வி அமைச்சராக இருந்தவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். நம் சமூகத்துக்குப் பாடசாலைகளும் ஆசிரிய நியமனங்களும் தந்தவர் என்று நாம் மதிக்கும் மனிதர். தமிழ்ச் சகோதரர்கள் அவர் பெயரைக் கேட்டதும் தரப்படுத்தலைத்தான் நினைக்கிறார்கள். இரண்டும் சரித்திரத்தில் இருக்கிறது. நமக்குப் பிடித்ததை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: நம் வாப்பாமார் படித்ததும் தமிழில்தான். தமிழ் மொழி மூலம் எழுதிய முஸ்லிம் பிள்ளைக்கும் அந்த 250தான்.

இந்தக் கதையை ஏன் இழுக்கிறோம்? 1970களில் நடந்ததும் ஒரு "ஒப்பீடு"தான். இரண்டு கூட்டத்தின் திறமையும் சமமாகத்தான் இருக்க வேண்டும், புள்ளியில் வித்தியாசம் வந்தால் அது அளவையின் பிழை என்று ஒரு எடுகோளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். கணக்கில் பிழை இல்லை. எந்தக் கூட்டத்தை எந்தக் கூட்டத்தோடு வைப்பது என்ற தெரிவில்தான் அரசியல் இருந்தது. இன்றைய இசட் புள்ளி மொழி பார்ப்பதில்லை, பாடம் பார்க்கிறது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்தப் பாடத்தை நாம் படித்தோமா? எண்ணைப் பார்த்த உடனே "யார் யாரோடு வைத்து இந்த எண் வந்தது?" என்று கேட்கும் பழக்கம், அந்தக் காயத்தைப் பட்ட ஊர்க்காரர்களுக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

அடுத்தது "கோட்டா டொக்டர்" என்ற பேச்சு. கொழும்பில் யாரோ சொன்னால் கோபப்படும் நாமே, ஊருக்குள் ஆளுக்காள் இதைச் சொல்கிறோம். மருத்துவம், பொறியியல் போன்ற பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு அனுமதி மூன்று வழிகளில் நடக்கிறது. 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கு ஏற்ப. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று கணக்கெடுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16இல் இருக்கின்றன. ஆய்வுகூடமும் ஆசிரியரும் குறைந்த இடத்தில் படித்து மேலே வந்த பிள்ளையை அதே வசதியின்மைக்குள் படித்தவர்களோடு வைத்துப் பார்ப்பதுதான் இந்த ஒதுக்கீட்டின் நியாயம். உள்ளே போன பிறகு எல்லோருக்கும் ஒரே விரிவுரை, ஒரே பரீட்சை, ஒரே பட்டம். நோயாளிக்கு முன்னால் நிற்கும் டொக்டரின் கழுத்தில் மாவட்டம் எழுதித் தொங்கவில்லை.

ஆனால் மாவட்டக் கணக்கும் குறை இல்லாததா? இல்லை. வாவியோரத்தில் இருக்கும் நமக்கு அது கண்ணுக்குத் தெரிகிறது. 1961 வரை அம்பாறை தனி மாவட்டம் இல்லை, எல்லாம் மட்டக்களப்புத்தான். இன்று பெரியகல்லாறு மட்டக்களப்பு மாவட்டம், அதைத் தாண்டினால் பெரியநீலாவணையும் மருதமுனையும் அம்பாறை மாவட்டம். ஒரே கடற்கரை, ஒரே வாவி, ஒரே வெயில். இரண்டு வெட்டுப்புள்ளி. அதற்குள் வைத்துக் கல்முனைக்காரரும் காத்தான்குடிக்காரரும் "எங்கட புள்ளிக்கு உங்கட மாவட்டத்தில கிடைச்சிருக்கும்" என்று முகநூலில் சண்டை பிடிக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் மாவட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள். காத்தான்குடிப் பிள்ளையும், நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையும், படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் இருந்து வரும் பிள்ளையும் ஒரே மாவட்ட வரிசையில்தான் நிற்கிறார்கள். எழுவான்கரையில் சந்திக்குச் சந்தி டியூட்டரி. படுவான்கரையில் கணித, விஞ்ஞான ஆசிரியருக்கே தட்டுப்பாடு. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாம் "நமக்கு எத்தனை" என்று எண்ணும்போது, அந்தப் பக்கத்துப் பிள்ளை எந்த நிலைமையில் அதே வெட்டுப்புள்ளியோடு போராடுகிறது என்பதையும் ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும். காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. ஏறாவூருக்கும் செங்கலடிக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. ஒரு இனத்துக்குக் குறைத்து, இன்னொரு இனத்துக்குக் கூட்டி மாவட்ட வெட்டுப்புள்ளி போடுவதில்லை. இது தெரியாமல் இரண்டு பக்கத்திலும் பரப்பப்படும் குரல் பதிவுகளை நாம் தயவுசெய்து முன்னனுப்பாமல் இருப்போம்.

இந்த ஒப்பீட்டு வியாதியால் நடக்கும் நட்டம் என்ன என்று கேட்கலாம். நாங்கள் வகுப்பறையில் காண்பதைச் சொல்கிறோம்.

போன வருடம் இந்தப் புள்ளிக்குக் கிடைத்ததே என்று நம்பி, விண்ணப்பத்தில் இரண்டு மூன்று கற்கைநெறிகளை மட்டும் நிரப்பிவிட்டு இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெட்டுப்புள்ளி என்பது கடைசியாக உள்ளே போனவரின் புள்ளி. அந்த வருடம் எத்தனை இடம், எத்தனை பேர் அதை விரும்பிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். போன வருடத்தது இந்த வருடத்துக்கு வாக்குறுதி இல்லை. அதேபோல, போன வருட வெட்டுப்புள்ளி கூட என்று பயந்து, தனக்கு விருப்பமான கற்கைநெறியை எழுதாமலே விட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். எழுதியிருந்தால் ஒரு நட்டமும் இல்லை. முதல் தெரிவு கிடைக்காவிட்டால் அடுத்த தெரிவைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வகை, மூன்று ஷையும் எடுக்க வைக்கப்படும் பிள்ளைகள். இரண்டாவது ஷையில் நல்ல கற்கைநெறி ஒன்று கிடைத்திருக்கும். "மச்சான்ட மகன் மெடிசின் போயிட்டான், நீயும் இன்னொருக்கா எடு" என்று உம்மாவும் வாப்பாவும் அழுத்துவார்கள். மச்சானின் மகன் எழுதிய வருடம் வேறு, மாவட்டம் வேறு. அந்த ஒப்பீட்டுக்காக இந்தப் பிள்ளை இன்னொரு வருடத்தைக் கொடுக்கிறது. மூன்றாவது ஷையிலும் கிடைக்காவிட்டால் அதற்குப் பிறகு வாய்ப்பு இல்லை. பெண் பிள்ளையென்றால் அந்த வருடத்துக்குள் கல்யாணப் பேச்சும் வந்து, படிப்பு அத்தோடு நின்றுவிடுகிறது. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில், கையில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு நின்ற பிள்ளைகளை நாங்கள் அறிவோம்.

"போட்டி இல்லாமல் சமூகம் எப்படி முன்னேறும்? ஒப்பிட்டால்தானே பாடசாலை உஷாராகும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒப்பிட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சரியானதை ஒப்பிடுங்கள். நம் பாடசாலையில் சாதாரணதரம் சித்தியடைந்தவர்களில் எத்தனை பேர் கணித, விஞ்ஞானப் பிரிவுக்கு வந்தார்கள்? வந்தவர்களில் எத்தனை பேர் இடையில் விட்டுப் போனார்கள்? எழுதியவர்களில் எத்தனை பேர் மூன்று பாடமும் சித்தி? பௌதிகவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? ஆய்வுகூடத்தில் தண்ணீர் வருகிறதா? ஐந்து வருடத்துக்கு முன் இருந்த நிலையை விட இன்று எப்படி? இவை ஒப்பிடக்கூடிய எண்கள். இவற்றை வைத்து அதிபரிடமும், எங்களைப் போன்ற ஆசிரியர்களிடமும், வலயக் கல்வி அலுவலகத்திடமும் கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள். பதாகையில் நிற்கும் மூன்று முகங்களைக் காட்டி, பின்னால் விழுந்த முப்பது முகங்களை மறைக்கும் பாடசாலையைக் கேள்வி கேட்க அந்தப் பதாகை உங்களுக்கு உதவாது.

ஆகவே நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும்: பாராட்டு விழா வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாப் பிரிவிலும் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளை ஒரே மேடையில் ஏற்றுங்கள். இசட் புள்ளியைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதாதீர்கள். அந்த விழாவுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை, விண்ணப்பம் நிரப்பும் வாரங்களில் ஒரு உதவி மேசை வைக்கச் செலவழியுங்கள். அனுமதிக் கைநூலை வாசித்து விளங்கப்படுத்த ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் வந்து இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

டியூட்டரி நடத்தும் தம்பிமாருக்கு: உங்கள் விளம்பரத்தில் வேறு வேறு வருடத்து, வேறு வேறு மாவட்டத்துப் புள்ளிகளை ஒரே வரிசையில் போட்டு "முதலிடம்" என்று எழுதுவதை நிறுத்துங்கள். கணிதம் படிப்பிப்பவர்களே கணக்கைக் கெடுக்கக் கூடாது.

பெற்றோருக்கு: பிள்ளையிடம் "எத்தனை" என்று கேட்ட பிறகு, "என்ன படிக்க விருப்பம்" என்றும் கேளுங்கள். தெரிவுகளை அந்த விருப்பத்தின் ஒழுங்கில் எழுத விடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணைத் தேடிப் போகாதீர்கள்.

இந்த வருடம் எழுதிய பிள்ளைகளுக்கு: உங்கள் தாளில் இருக்கும் எண் நீங்கள் நின்ற ஒரு வரிசையில் உங்கள் இடம். விண்ணப்பத்தை முழுமையாக நிரப்புங்கள். சந்தேகம் இருந்தால் எங்களிடம் வாருங்கள், இரவு பத்து மணியென்றாலும் பரவாயில்லை, தொலைபேசி எடுங்கள். உங்கள் அனைவரின் முயற்சியையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக.